நீளும் விசாரணையும் ஜூரியின் கவனமும்

குற்ற வழக்கொன்றில் நடந்தது இன்னதென்று தீர்மானிக்கும் பொறுப்பைச் சட்டம் பயிலாத குடிமக்களிடம் ஒப்படைக்கும் ஏற்பாடே ஜூரி முறை. வாக்காளர் பட்டியல் போன்ற பொதுப் பதிவேடுகளிலிருந்து குலுக்கல் முறையில் அழைக்கப்படும் இவர்கள், பெரும்பாலும் பன்னிருவராக அமர்ந்து, சாட்சிகள் கூறுவதைக் கேட்டு, ஆவணங்களைப் பார்த்து, சட்டம் பற்றிய நீதிபதியின் அறிவுரையைப் பெற்று, பின்னர் மூடிய அறையில் கலந்து பேசிக் ‘குற்றவாளி’ என்றோ ‘குற்றவாளி அல்லர்’ என்றோ விடை கூறுகின்றனர்; அந்த விடைக்குக் காரணம் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. இந்தியாவில் இம்முறை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முற்றிலும் மறைந்துவிட்டது. ஆயினும் தமிழருக்கு இது அறிமுகமில்லாத ஒன்றன்று. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே.தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் 1945இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்று கண்டது ஒரு ஜூரியே. இலங்கையின் மேல் நீதிமன்றங்களில் ஜூரி விசாரணைக்கு இன்றும் இடமுண்டு. எனினும் இச்சொற்பொழிவு எடுத்துக்கொள்ளும் சிக்கல், ஜூரி முறை முழு வலிமையோடு நிலவும் இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளின் நீதிமன்றங்களில் எழுவது. வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் நீளும் விசாரணையில் ஜூரர்களின் கவனம் சிதறுமானால், அந்தச் சிதறலுக்கு யார் பொறுப்பு, அதனால் பாதிக்கப்படும் மனிதருக்கு என்ன பரிகாரம் என்பதே அது.

நீதிபதி ஒருவர் தனியாக வழக்கைக் கேட்கும்போது ஒரு பிற்பகல் அவருடைய மனம் அலைந்துவிட்டாலும், அன்றைய சாட்சியத்தின் எழுத்துப் பதிவை மாலையில் படித்து விட்டதைப் பிடித்துக்கொள்ள அவருக்கு வழி இருக்கிறது. தீர்ப்பில் அவர் காரணம் எழுதியாக வேண்டும் என்பதால், கேளாமல் விட்ட பகுதி அந்தக் காரணங்களில் ஓட்டையாகத் தெரிந்து மேல்முறையீட்டில் பிடிபடவும் கூடும். ஜூரருக்கு இவ்விரு பாதுகாப்புகளும் இல்லை. சாட்சி பேசும் அந்தக் கணத்தில் காதில் விழுந்ததே பெரும்பாலும் அவருக்குக் கிடைப்பது; அதைக் கொண்டு அவர் என்ன முடிவுக்கு வந்தார், எதை விட்டுவிட்டு வந்தார் என்பது வெளியே எவருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே ஜூரி முறையில் கவனம் என்பது இருந்தால் நல்லது என்று கருதத்தக்க பண்பு மட்டுமன்று. அந்த முறையின் நியாயமே அதன்மேல்தான் நிற்கிறது.

2008ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், போதைப்பொருள் சதிக் குற்றச்சாட்டொன்றின் விசாரணை 66 நாட்கள் நடந்து, 105 சாட்சிகள் விசாரிக்கப்பட்ட நிலையில் கலைக்கப்பட்டது. அதுவரை அந்த ஜூரர்களில் சிலர் தலை கவிழ்ந்து எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்த வழக்கறிஞர்கள், அவர்கள் மிகுந்த பொறுப்போடு குறிப்பெடுப்பதாகவே எண்ணியிருந்தனர். எழுதும் கை இடமிருந்து வலமாகச் செல்லாமல் மேலிருந்து கீழாகச் செல்வது கவனிக்கப்பட்டபோதுதான், அவர்கள் கட்டங்களில் எண்களை நிரப்பும் சுடோக்கு ஆடிக்கொண்டிருந்தது தெரியவந்தது. நீதிபதி கேட்டபோது ஜூரியின் தலைவர் எதையும் மறைக்கவில்லை. சாட்சியத்தின் சில பகுதிகள் இழுத்துக்கொண்டே போவதால் முழு நேரமும் கவனத்தை நிறுத்துவது கடினமாக இருந்தது என்றும், மனத்தை ஏதேனும் ஒரு வேலையில் வைத்திருந்தால்தான் கேட்க முடிந்தது என்றும் விளக்கம் தரப்பட்டது. விசாரணைக்கான செலவு பத்து லட்சம் ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது என்று மதிப்பிடப்பட்டது. வாழ்நாள் சிறைத்தண்டனையை எதிர்நோக்கியிருந்த மனிதர்களின் வழக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று.

இச்செய்தி உலகெங்கும் பரவியபோது பலர் அந்த ஜூரர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று ஏசினர். ஆனால் ஜூரித் தலைவரின் விளக்கம் ஒரு சாக்குப்போக்கு என்று தள்ளிவிடத்தக்கதன்று. மனித மனம் தொடர்கவனத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றி உளவியலாளர் அறிந்திருப்பதோடு அது பெரிதும் ஒத்துப்போகிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ராடார் திரையைப் பார்த்திருக்கும் விமானப்படையினர் நேரம் செல்லச் செல்ல அடையாளங்களைத் தவறவிடுவது ஏன் என்று ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் நார்மன் மேக்வொர்த், எண்கள் எழுதப்படாத ஒரு கடிகார முகப்பைச் செய்தார். அதன் முள் சீரான சிறு எட்டுகளாக நகரும். எப்போதாவது ஒருமுறை மட்டும் இரட்டை எட்டாகத் தாவும். அந்தத் தாவலைக் கண்டவுடன் பொத்தானை அழுத்துவதே இரண்டு மணி நேரம் பார்த்திருப்பவரின் வேலை. 1948இல் அவர் வெளியிட்ட முடிவுகளின்படி, முதல் அரை மணி நேரம் கடப்பதற்குள்ளேயே தவறவிடும் தாவல்களின் எண்ணிக்கை தெளிவாகக் கூடிவிட்டது. பயிற்சி பெற்றவர்களும், போரின் தீவிரத்தை உணர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்லர். அரிதாகவே முக்கியமான ஒன்று நிகழும் ஒரே சீரான ஓட்டத்தை அசையாமல் கண்காணிக்கும்படி மனத்தைப் பணித்தால், அது விரைவில் தளர்ந்துவிடும் என்பதே இந்த ஆய்வுத்துறையின் அடிப்படைப் பாடம். நீதிமன்றம் கடிகாரச் சோதனை அன்று என்பது உண்மை. அழும் சாட்சியும் அதட்டும் வழக்கறிஞரும் மனத்தை உசுப்பிவிடுவதுண்டு. ஆனால் வங்கிக் கணக்குப் பதிவுகளை ஒரு கணக்காளர் வரிவரியாக வாசிக்கும் நான்காவது நாளில், வழக்கின் முடிவையே மாற்றக்கூடிய ஒரு தேதி வரும்போது ஜூரர் அதைப் பிடித்தாரா என்று கேட்டால், மேக்வொர்த்தின் கடிகாரமும் நீதிமன்றமும் வெகு தொலைவில் இல்லை.

இச்சிக்கல் ஜூரி முறையோடு பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் ஒரே ஜூரி ஒரே நாளில் பல வழக்குகளை அடுத்தடுத்துக் கேட்டு முடித்தது. உயிரைப் பறிக்கும் தண்டனைக்குரிய வழக்குகள்கூடப் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்தன. அந்த அவசரத்தில் வேறு அநீதிகள் இருந்தன என்றாலும், கவனம் களைத்துப்போவதற்கு அங்கே நேரமே இருக்கவில்லை. 1794இல் தாமஸ் ஹார்டி என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளிமீது தொடுக்கப்பட்ட ராஜத்துரோக வழக்கு இந்த ஒழுங்கை உடைத்தது. அதுவரை ஒரே நாளில் முடிந்துவந்த ராஜத்துரோக விசாரணை, அவ்வழக்கில் அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜான் ஸ்காட்டின் தொடக்க உரை மட்டுமே 9 மணி நேரம் நீண்டதால், நாட்கணக்கில் நடந்தது. ஹார்டி சார்ந்த சங்கத்தின் கடிதங்களும் தீர்மானங்களும் கற்றைகற்றையாக வாசிக்கப்பட்டதைக் கேட்ட ஜூரி, இறுதியில் ஹார்டியை விடுவித்தது. ஆவணங்களின் மூலம் சதியை நிறுவ முயலும் நீண்ட வழக்கின் முன்மாதிரியாக அதைக் கொள்ளலாம். பின்னர் வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணை வளர்ந்தது. அறிவியல் வல்லுநர்களின் சாட்சியம் சேர்ந்தது. ஒட்டுக்கேட்கப்பட்ட தொலைபேசிப் பேச்சுகளும் கணினிப் பதிவுகளும் மலையாகக் குவிந்தன. பத்துப் பேரை ஒரே கூண்டில் நிறுத்தி ஒரே வழக்காக நடத்தும் வழக்கம் பரவியது. ரயில் தடம்புரண்டு டையாக்சின் நச்சு கலந்த ரசாயனம் கொட்டியதால் எழுந்த மான்சான்டோ நிறுவனத்துக்கு எதிரான வழக்கை, அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்துப் பெல்வில் நகரில் ஒரே ஜூரி 1984 பிப்ரவரியிலிருந்து 1987 அக்டோபர் வரை கேட்டது.

நீளம் மட்டுமே கவனத்தைக் கெடுக்கிறது என்று கொள்வதும் பிழையாகும். சாட்சியம் எந்த வரிசையில் வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஜூரர்கள் தனித்தனிச் சாட்சியங்களை எடை போட்டுக் கூட்டிப் பார்ப்பதில்லை என்றும், கேட்டவற்றையெல்லாம் காரணகாரியத் தொடர்புள்ள ஒரு கதையாக மனத்தில் கோத்துக்கொண்டு அக்கதைக்குப் பொருந்தும் முடிவையே தேர்கிறார்கள் என்றும் நான்சி பென்னிங்டன், ரீட் ஹேஸ்டி ஆகிய அமெரிக்க உளவியலாளர் இருவர் நிறுவினர். 1988இல் வெளியான அவர்களது சோதனையில், ஒரே கொலை வழக்கின் ஒரே சாட்சியங்கள் இருவகையாக அடுக்கப்பட்டன. அரசுத் தரப்புச் சாட்சியங்களை நிகழ்ச்சி நடந்த வரிசையிலும் எதிர்த்தரப்பினவற்றைச் சாட்சி வாரியாகச் சிதறலாகவும் கேட்டவர்களில் 78 விழுக்காட்டினர் குற்றவாளி என்றனர். இந்த அமைப்பைத் தலைகீழாக்கியபோது அவ்வாறு சொன்னவர்கள் 31 விழுக்காட்டினர் மட்டுமே. சாட்சியம் ஒன்றே, மாறியது அடுக்கு மட்டுமே என்னும்போது, இந்த இடைவெளி அச்சமூட்டுகிறது. மெய்யான நீதிமன்றத்தில் சாட்சிகள் கதையின் வரிசையில் வருவதில்லை. வல்லுநருக்கு எந்த நாள் வசதியோ அந்த நாளில் அவர் வருகிறார். இடையே சட்ட வாதம் என்று ஜூரர்கள் வெளியே அனுப்பப்பட்டு அறையில் காத்திருக்கின்றனர். திரும்பி வரும்போது கதையின் நூல் அறுந்திருக்கிறது. அறுந்த நூலைத் தேடும் மனத்தைச் சோம்பல் மனம் என்று பழிப்பது முறையன்று.

கவனம் தவறியது பின்னர் தெரியவந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987இல் டேனர் வழக்கில் அளித்த விடை, இத்துறையின் மிகக் கடுமையான பக்கம். புளோரிடாவில் நடந்த மோசடி வழக்கொன்றில் தண்டனைக்கான முடிவு வந்தபின், ஜூரர் ஒருவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞரைத் தொடர்புகொண்டு, ஜூரர்கள் பலர் உணவு இடைவேளைகளில் மது அருந்தியதாகவும் பிற்பகல்களில் உறங்கியதாகவும் தெரிவித்தார். பின்னர் மற்றொரு ஜூரர் கஞ்சாவும் கொக்கெயினும் பயன்படுத்தப்பட்டதாகக் கூறினார். ஜூரியின் முடிவைக் கவிழ்ப்பதற்கு ஜூரரின் வாக்குமூலத்தையே பயன்படுத்தக் கூடாது என்னும் சான்றுச் சட்ட விதியை, அதாவது கூட்டாட்சிச் சான்று விதிகளில் 606ஆம் விதியின் இரண்டாம் உட்பிரிவை, மேற்கோள் காட்டி, ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் அந்தச் சாட்சியத்தைக் கேட்கவே மறுத்தது. ஜூரர்களின் கலந்துரையாடல் கமுக்கமாக இருக்க வேண்டும், முடிவுக்கு ஒரு முற்றுப்புள்ளி வேண்டும் என்ற நோக்கங்கள் மதிக்கத்தக்கனவே. ஆனால் நால்வரின் மறுப்புரையை எழுதிய நீதியரசர் தர்குட் மார்ஷல் சுட்டியதுபோல, சுயநினைவோடு வழக்கைக் கேட்கும் ஜூரியைப் பெறும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு உண்டு என்று சொல்லிவிட்டு, அந்த உரிமை மீறப்பட்டதை மெய்ப்பிக்கும் ஒரே சான்றை அடைத்துவிடுவது பொருந்தாது. பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்ன மாற்றுப் பாதுகாப்புகளில் ஒன்று, விசாரணையின்போதே நீதிபதியும் வழக்கறிஞர்களும் நீதிமன்ற ஊழியர்களும் ஜூரர்களைக் கண்காணிக்கலாம் என்பது. ஆனால் சிட்னியில் அத்தனை கண்களும் சுடோக்குக் கட்டங்களைக் குறிப்பேடு என்றே பல வாரங்கள் நம்பியிருந்தன. கண்களைத் திறந்தபடியே மனம் வேறிடம் சென்றுவிடும் ஜூரரை எந்தக் கண்காணிப்பும் காட்டிக்கொடுக்காது. முடிவுக்குப் பின் பரிகாரம் இல்லை என்றால், முழுப் பொறுப்பும் முடிவுக்கு முந்திய காலத்தின்மேல், அதாவது விசாரணையை நடத்துவோரின்மேல், வந்து விழுகிறது.

நடத்துவோரே தளர்ந்துபோனால் என்னாகும் என்பதற்கும் ஆஸ்திரேலியாவிலிருந்தே சான்று கிடைக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2004இல் நடந்த போதைப்பொருள் வழக்கொன்றில், தலைமை தாங்கிய நீதிபதி பலமுறை உறங்கிவிட்டார். சில வேளைகளில் அவரது குறட்டை நீதிமன்றம் முழுதும் கேட்டது. உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் அவருக்கு இருந்தது பின்னரே கண்டறியப்பட்டது என்பதால், அவரைக் குற்றஞ்சாட்டுவதற்கு இங்கே இடமில்லை. தண்டிக்கப்பட்ட இருவரின் மேல்முறையீட்டை ஏற்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2008இல் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டபோது கூறிய காரணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. நீதிபதி எந்தச் சட்டக் கேள்வியைத் தவறாக முடிவு செய்தார் என்பதைவிட, அவரது உறக்கம் ஜூரர்களின் கவனத்தைச் சாட்சியத்திலிருந்து திருப்பிவிட்டது என்பதும், விசாரணையை மேற்பார்வையிடும் கடமை நிறைவேறவில்லை என்பதுமே அங்கு முன்னின்றன. கவனம் ஒருவருடைய மண்டைக்குள் மட்டும் நிகழ்வதன்று, அது நீதிமன்ற அறை முழுவதும் சேர்ந்து காக்கும் ஒன்று என்பதை அந்த நாட்டின் உச்ச மன்றமே ஏற்றுக்கொண்டதாக இதைப் படிக்கலாம்.

இங்கிலாந்தில் இவ்விவாதத்தின் மையமாக அமைந்தது ஜூபிலி லைன் வழக்கு. லண்டன் சுரங்க ரயிலின் ஜூபிலி தடத்தை நீட்டிக்கும் பணியின் ஒப்பந்தங்களில் ஊழல் நடந்ததாகத் தொடுக்கப்பட்ட அவ்வழக்கின் விசாரணை 2003 ஜூனில் தொடங்கி, 21 மாதங்களுக்குப் பின், 2005 மார்ச் 22 அன்று முடிவேதும் எட்டாமலே கைவிடப்பட்டது. கோடிக்கணக்கான பவுண்டுகள் வீணாயின. இத்தகைய வழக்குகள் சாமானிய மக்களின் மூளைக்கு எட்டாதவை, அவர்களால் இவ்வளவு காலம் கவனித்திருக்க முடியாது என்ற வாதம் உடனே ஓங்கியது. ஆனால் சாலி லாயிட்-போஸ்டாக் என்ற ஆய்வாளர் அந்த ஜூரர்களில் 11 பேரைச் சந்தித்து உரையாடியபோது கண்டது வேறு. அவர்கள் சாட்சியங்களை வியக்கத்தக்க அளவில் நினைவில் வைத்திருந்தனர். வழக்கின் பிரச்சினைகளைப் புரிந்துகொண்டிருந்தனர். அவர்களை வாட்டியது வழக்கின் சிக்கல் அன்று. நோய்களாலும் சட்ட வாதங்களாலும் ஏற்பட்ட நெடும் இடைவெளிகளும், எப்போது முடியும் என்று எவரும் சொல்லாத நிலையும், வேலையிலும் வாழ்க்கையிலும் தாம் இழந்துகொண்டிருப்பது பற்றிய கவலையுமே அவர்களை அரித்தன. ஜூரிமேல் போடப்பட்ட பழி, வழக்கை நடத்தியவர்கள் ஏற்கவேண்டிய பழி என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் கிடைப்பது அரிது.

வழக்கு கைவிடப்பட்ட அதே நாளில், தலைமை நீதிபதி வுல்ஃப் பிரபு சிக்கலான பெருவழக்குகளை நடத்துவதற்கான நெறிமுறை ஒன்றை வெளியிட்டார். மூன்று மாதத்துக்கு மேல் ஒரு விசாரணை நீள்வது விதிவிலக்காக மட்டுமே இருக்கவேண்டும் என்றும், வழக்கின் அளவைக் கட்டுப்படுத்துவது நீதிபதியின் கடமை என்றும் அது கூறியது. காலையில் மட்டும் ஜூரியோடு அமர்ந்து, பிற்பகலைச் சட்ட வாதங்களுக்கு ஒதுக்கும் ‘மேக்ஸ்வெல் நேரம்’ என்ற ஏற்பாட்டையும் அந்நெறிமுறை ஆராய்ந்தது. 1995-96இல் நடந்த மேக்ஸ்வெல் சகோதரர்களின் மோசடி வழக்கிலிருந்து வந்த பெயர் இது. களைப்புக்கு அது நல்ல மருந்து என்றாலும், விசாரணையின் மொத்த நாட்களைக் கூட்டிவிடும் என்பதால், நெறிமுறை அதை எச்சரிக்கையோடேயே அனுமதித்தது. வழக்கின் அளவைக் குறைப்பதில் இன்னும் துணிவான எடுத்துக்காட்டு கனடாவினது. ராபர்ட் பிக்டன்மீது 26 கொலைக் குற்றச்சாட்டுகள் நிலுவையில் இருந்தபோது, அவை அனைத்தையும் ஒன்றாக விசாரித்தால் ஜூரர்களின்மேல் தாங்கவொண்ணாச் சுமை விழும் என்று கருதிய நீதிபதி ஜேம்ஸ் வில்லியம்ஸ், ஆறை மட்டும் பிரித்து முதலில் விசாரிக்கும்படி 2006இல் உத்தரவிட்டார். கொல்லப்பட்ட மற்றப் பெண்களின் குடும்பத்தாருக்கு அந்த முடிவு தந்த வலி சிறிதன்று. அவர்களுக்குரிய விசாரணை பின்னர் நடக்கவே இல்லை. ஜூரியின் கவனத்தைக் காப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது, அதைச் சில வேளைகளில் மிகவும் நொந்தவர்களே கொடுக்கிறார்கள் என்பதை மறைக்கக் கூடாது.

விலை குறைந்த வழிகளும் உள்ளன. அவை இன்னும் முழுதாகக் கையாளப்படாததே வருத்தத்துக்குரியது. குறிப்பெடுத்தால் கவனம் சிதறும் என்ற பழைய அச்சத்தால் பல அமெரிக்க நீதிமன்றங்களில் ஜூரர்களுக்குத் தாளும் பேனாவும் நெடுங்காலம் மறுக்கப்பட்டன. அரிசோனா மாநிலம் 1995இல் செய்த சீர்திருத்தங்களில், ஜூரர்கள் குறிப்பெடுக்கவும், சாட்சியிடம் கேட்க விரும்பும் கேள்வியை எழுதி நீதிபதியிடம் தரவும், உரிமையியல் வழக்குகளில் விசாரணை முடியும் முன்பே தமக்குள் சாட்சியத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவும் இடமளிக்கப்பட்டது. இவை மூன்றும் ஜூரரை வாளாவிருக்கும் செவியாக வைக்காமல், வேலை செய்யும் மனமாக மாற்றுபவை. சிட்னி ஜூரித் தலைவர் சுடோக்குவில் தேடிய வேலையைச் சாட்சியத்துக்குள்ளேயே தருபவை. இங்கிலாந்தில் செரில் தாமஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நீதிபதி வாய்மொழியாகக் கூறிய சட்ட அறிவுரையை உள்ளபடி புரிந்துகொண்ட ஜூரர்கள் 31 விழுக்காட்டினர் மட்டுமே; அதே அறிவுரையின் எழுத்துச் சுருக்கத்தையும் தந்தபோது அது 48 விழுக்காடாக உயர்ந்தது. ஒரு தாள் செய்த மாற்றம் இது. இதற்கு மாறாக, கூடுதல் ஜூரர்களை அமர்த்திவைப்பது கவனச் சிக்கலுக்கு விடையாகாது. 1995இல் நடந்த ஓ.ஜே.சிம்ப்சன் கொலை வழக்கு விசாரணைக்கு 12 ஜூரர்களுக்குத் துணையாக 12 மாற்று ஜூரர்கள் அமர்த்தப்பட்டனர். ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்து விடுதியில் அடைபட்டிருந்த அவர்களில், இறுதியில் எஞ்சிய மாற்று ஜூரர்கள் இருவரே. அத்தனை மாதச் சாட்சியத்தைப் பற்றி ஜூரி கலந்து பேசியது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு.

நீண்ட வழக்குகளை ஜூரியிடமிருந்து எடுத்துவிடலாம் என்ற யோசனை இங்கிலாந்தில் பல்லாண்டுகளாக வந்துவந்து போகிறது. மோசடி வழக்குகளுக்கு ஜூரியற்ற தனி நடுவம் வேண்டும் என்று 1986இல் ராஸ்கில் குழு பரிந்துரைத்தது. 2003ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 43ஆம் பிரிவு அதற்கு வழி செய்தும், அப்பிரிவு நடைமுறைக்கு வராமலே 2012இல் நீக்கப்பட்டது. 2025இல் சர் பிரையன் லெவசன் தம் ஆய்வறிக்கையில் நீண்ட, சிக்கலான வழக்குகளை நீதிபதி தனியாக விசாரிக்கலாம் என்று மீண்டும் பரிந்துரைத்துள்ளார். 329 பேர் மாண்ட ஏர் இந்தியா விமானக் குண்டுவெடிப்பு வழக்கு வான்கூவரில் 2003 முதல் 2005 வரை ஜூரியின்றி நீதிபதி ஜோசப்சனால் கேட்கப்பட்டதையும், அவர் விரிவான காரணங்களோடு தீர்ப்பு எழுதியதையும் நோக்கினால், இந்த யோசனையை எளிதில் புறந்தள்ள முடியாது என்பது விளங்கும். ஆனால் அங்கே ஜூரியை விட்டுக்கொடுத்தவர்கள் குற்றஞ்சாட்டப்பட்டவர்களே. அரசு அதை அவர்களிடமிருந்து பறிக்கவில்லை. ஜூரரால் கவனிக்க முடியாது என்ற காரணத்தைச் சொல்லி அந்த உரிமையை அரசே எடுப்பதாயின், கவனிப்பதற்குரிய சூழலை நீதிமன்றம் முதலில் அவருக்குத் தந்ததா என்று மெய்ப்பிக்கும் சுமை அரசின்மேல் இருக்கவேண்டும். எழுத்து வடிவ அறிவுரை முதல் நாளே கொடுக்கப்பட்டதா, சாட்சிகள் நிகழ்ச்சி வரிசையில் அழைக்கப்பட்டார்களா, குற்றச்சாட்டுகள் பிரிக்கப்பட்டனவா, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்க விடப்பட்டார்களா, ‘இன்று பிற்பகல் சொன்னது பிடிபடவில்லை’ என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுக்க வழி இருந்தது அவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்ற கேள்விகளுக்கு ஆம் என்ற விடை வரும் வழக்குகள் இன்னும் மிகச் சிலவே.